இயங்காத மோட்டார் வண்டியும் ஒழிபளவையும்

புகையைக் கண்டு நெருப்பை உய்த்துணர்தல், தருக்கநூல் கற்கப் புகும் மாணவனுக்கு முதலில் எடுத்துக் காட்டப்படும் உதாரணமாகும். மலையிற் புகை தோன்றுகின்றது. ஆதலின் ஆங்கு நெருப்பு உண்டு. இவ்வாறு உள்ளதைக் கொண்டு உள்ளதைத் துணிதல் ஒருவாறு எளிது. நெருப்பு எழவேண்டிய இடத்தில் அது எழாதொழிந்தால், அதற்குக் காரணம் யாது என்று துணிதல் அத்துணை எளிதன்று. ஒரு காரியம் நிகழ்வதற்குக் காரணங்கள் பல ஒருங்கு கூடுதல் வேண்டும். நிகழாமைக்கோ அவற்றுள் ஏதேனும் ஒன்று இல்லாமையே போதும். இயங்குகின்ற மோட்டார் வண்டி ஒன்று; இயங்காத வண்டியோ நூறு வகைப்படும்.

முதல் நாள் மாலையில் யாதொரு குறையுமின்றி ஓடி வந்து நிறுத்தப்பட்ட வண்டி, மறுநாட் காலையிற் புறப்பட மறுக்கின்றது. வண்டி பழையது எனின் உரிமையாளருக்கு உண்டாகும் கலக்கம் பெரிது. ‘வயது முதிர்ந்துவிட்டது, இனி இது ஆகாது’ என்று அயலார் கூறுவர். இக்கூற்றில் உண்மை சிறிதும் இல்லை. முதுமை படிப்படியாக வருவது, ஓரிரவில் வருவதன்று. முசல வளையங்கள் தேய்தலும், வாயில்கள் எரிதலும் பல மாதங்களுக்கு முன்னரே வலுக்குறைவாகவும் புகையாகவும் தம்மைத் தெரிவித்துவிடும். திடீரென நிகழ்ந்த குறைக்குத் திடீரென அறுபடக்கூடிய, அடைபடக்கூடிய, விலகக்கூடிய ஒரு சிறு பொருளே பெரும்பாலும் காரணமாகும். எனவே பழைய வண்டி திடீரென நிற்றல் பெரிதும் நம்பிக்கை தரக்கூடிய ஒரு நோயே எனலாம்.

இக்கட்டுரைக்கு எடுத்துக்காட்டாக மொறிஸ் மைனர் வண்டி கொள்ளப்படுகின்றது. அலெக் இசிகோனிஸ் என்பவர் வகுத்தமைத்த இவ்வண்டி இங்கிலாந்தில் 1948 இல் வெளிவந்தது; 1956 முதல் 948 கன சென்ரிமீற்றர் எஞ்சினும், 1962 முதல் 1098 கன சென்ரிமீற்றர் எஞ்சினும் பொருத்தப்பெற்றது. ஒஸ்ரின் ஏ-40 வகை வண்டிகளுடன் சேர்ந்து இது யாழ்ப்பாணத்து வீதிகளுக்கு உரியதொரு பொருளாகவே ஆகிவிட்டது. 1990 இன் பின் வந்த போர்க்காலத்தில், பொருளாதாரத் தடையினாற் பெற்றோல் கிடையாத ஆண்டுகளில், நோயாளரையும் பேறுகாலப் பெண்டிரையும் மருத்துவமனைக்குக் கொண்டு சென்றவற்றுள் இப்பழைய வண்டிகளும் இருந்தன. பின்னர் 2020 மார்ச்சு முதல் ஏறத்தாழ ஐந்து ஆண்டுகள் வாகன இறக்குமதி நிறுத்தப்பட்டிருந்தமையால், கைவசமுள்ளவற்றைப் பேணுதல் மீண்டும் இன்றியமையாததாயிற்று. ஆகவே இவ்வண்டியின் நோயறிதல் வெறும் பழம்பொருள் ஆர்வமன்று.

வழக்கமாக நிகழ்வது யாது? வண்டி புறப்படவில்லை என்றதும் புதிய பற்றரி வாங்கப்படுகின்றது. வண்டி புறப்படவில்லை. பின்னர்ப் பிளக்குகள் நான்கும் மாற்றப்படுகின்றன. அதனாலும் பயனில்லை. மூன்றாவதாகத் தூண்டற்சுருள் மாற்றப்படுகின்றது. நான்காவதாகக் காபுரேற்றர் கழற்றப்பட்டு, அதுவரை செவ்வனே இருந்த அதன் ஊசியும் மிதவையும் நிலைகுலைக்கப்படுகின்றன. ஒரு மாதச் சம்பளம் செலவான பின்னர், ஈற்றில் இரண்டு அங்குல நீளமுள்ள ஒரு கம்பித்துண்டு அறுந்திருந்தமையே காரணமென்று தெரியவருகின்றது. அக்கம்பி எது என்பது பின்னர்க் கூறப்படும். இங்கு நோக்கத்தக்கது, உரிமையாளர் செலவு செய்த பணமன்று. பொருள்களை மாற்றினாரேயன்றி ஒரு வினாவையேனும் வண்டியிடம் அவர் கேட்கவில்லை என்பதே.

அருணந்தி சிவாசாரியார் சிவஞான சித்தியாரின் அளவைப் பகுதியில், காண்டல், கருதல், உரை, அபாவம், பொருள், ஒப்பு, ஒழிபு, உண்மை, ஐதிகம், இயல்பு என அளவைகள் பத்தினை எண்ணிப் பின்னர் அவை யாவும் முதல் மூன்றினுள் அடங்கும் என்பார். இவற்றுள் ஒழிபு என்பது, இது அன்று, இது அன்று என ஒவ்வொன்றாக நீக்கி, எஞ்சி நிற்பதே அது எனத் துணிதலாகும். மோட்டார் வண்டியின் குறை காண்பவனுக்கு உரிய அளவை இதுவே. ஆயினும் ஒழிபு வழுவாதிருத்தற்கு இரண்டு விதிகள் உண்டு. எண்ணப்படும் காரணங்கள் ஒன்றும் விடுபடாதிருத்தல் வேண்டும்; நீக்கப்படும் ஒவ்வொன்றும் காண்டலால் நீக்கப்படல் வேண்டும். ‘சென்ற மாதந்தான் மாற்றினேன், ஆகவே அதில் குறை இராது’ என்று நீக்குதல் காண்டலன்று, அது வெறும் விருப்பமாகும். கராச்சுகளில் நிகழும் பிழைகளுட் பெரும்பாலானவை இவ்விரண்டாம் விதி மீறப்படுவதனால் விளைவனவே.

முதலாம் விதிக்கு அமைய, அகத்தகன எஞ்சின் ஒன்று உயிர்பெறுதற்கு வேண்டியவற்றை எண்ணுவோம். எஞ்சின் வெளியிலிருந்து போதிய வேகத்துடன் சுழற்றப்படல் வேண்டும். காற்றும் எரிபொருளாவியும் தக்க அளவிற் கலந்து உருளையினுட் புகுதல் வேண்டும். அக்கலவை அமுக்கப்படல் வேண்டும். அமுக்கத்தின் முடிவில், உரிய கணத்தில், தீப்பொறி தோன்றல் வேண்டும். சுழற்சி, கலவை, அமுக்கம், பொறி என்னும் இந்நான்கின் புறத்தே ஐந்தாவதொன்று இல்லை. நான்கும் உரிய நேரத்தில் உரிய அளவில் இருந்தும் இயங்காத பெற்றோல் எஞ்சின் உலகில் இல்லை என்று துணிந்து கூறலாம்.

இனி முதல் வினா: திறப்பைத் திருப்பி ஸ்ராட்டரை இயக்கும்போது எஞ்சின் சுழல்கின்றதா? இவ்வொரு வினாவே ஆராய்ச்சிக்குரிய பரப்பை இரண்டாகப் பிளந்துவிடுகின்றது. ‘வண்டி ஸ்ராட் ஆகவில்லை’ என்னும் பொதுமொழி, சுழலாமையையும் சுழன்றும் பற்றாமையையும் ஒன்றாகக் கலந்து கூறுவது. தொலைவிலுள்ள மெக்கானிக்குக்குச் செய்தி அனுப்புவோர் இவ்விரண்டையும் வேறுபடுத்திக் கூறுவாராயின் அவர் எடுத்துவரும் கருவிகளே வேறாகும்.

சுழலவில்லை எனக் கொள்வோம். அப்போது முகப்பு விளக்குகளை ஏற்றி, அவற்றை நோக்கியவாறு ஸ்ராட்டரை இயக்குமாறு மற்றொருவரைக் கேட்டல் வேண்டும். விளக்குகள் முன்னரே மங்கலாயிருந்து, இயக்கும்போது முற்றாக அவிந்து போகுமாயின் பற்றரியில் மின்னேற்றம் இல்லை. ஒளி சிறிதும் குன்றாதிருப்பின் ஸ்ராட்டருக்கு மின்னோட்டம் செல்லவேயில்லை. குறை சுவிச்சிலோ, பெருங்கம்பியிலோ, ஸ்ராட்டரின் தூரிகைகளிலோ உள்ளது. ஒளி ஓரளவு குன்றி, எஞ்சின் ‘டக்’ என்ற ஒலியுடன் நின்றுவிடின், ஸ்ராட்டரின் சிறு பற்சில்லு பறப்புச் சில்லின் பற்களில் இறுகிக்கொண்டிருத்தல் கூடும். இது பழைய வண்டிகளில் அடிக்கடி நேர்வது. ஸ்ராட்டரை இயக்காது, வண்டியை நான்காம் கியரில் இட்டு முன்னும் பின்னும் சிறிது அசைத்தால் அது விடுபடும். ஸ்ராட்டர் அச்சின் புற நுனி சதுரமாக அமைந்திருப்பதும் இதன் பொருட்டே. ஒரு திருகுச் சாவியால் அதனைத் திருப்பி விடுவிக்கலாம்.

இவ்விடத்தில் ஒரு பெரும் மயக்கம் உண்டு. ‘விளக்கு நன்றாக எரிகின்றது, ஒலிப்பானும் ஒலிக்கின்றது, ஆகவே பற்றரியிலும் அதன் தொடுப்புக்களிலும் குறையில்லை’ என்பதே அது. கேட்போருக்கு இவ்வனுமானம் நியாயமாகவே தோன்றும். இதன் வழுவை ஓமின் விதி காட்டும். பற்றரியின் முனையிற் பச்சையும் வெள்ளையுமான பொருக்குப் படிந்து, அத்தொடுப்பில் 0.05 ஓம் தடை உண்டாயிற்று எனக் கொள்வோம். முகப்பு விளக்குகள் இரண்டும் 36 உவாற்று வீதம் 72 உவாற்று. 12 உவோற்றில் அவை கொள்ளும் மின்னோட்டம் 6 அம்பியர். அத்தடையில் இழக்கப்படும் அழுத்தம் 6 ஐ 0.05 ஆற் பெருக்க வரும் 0.3 உவோற்று மட்டுமே. கண் அதனை உணராது. ஸ்ராட்டரோ எஞ்சினைச் சுழற்ற 100 அம்பியருக்கு மேல் வேண்டி நிற்பது. 100 அம்பியருக்கே இழப்பு 5 உவோற்று ஆகின்றது. ஸ்ராட்டருக்கு எஞ்சுவது 7 உவோற்று. அதனால் எஞ்சினைச் சுழற்ற இயலாது. ஆகவே விளக்கு எரிதல், விளக்கு எரிவதற்குப் போதிய தொடுப்பு உண்டு என்பதற்கன்றி வேறெதற்கும் சான்றாகாது.

இதே கணக்கு மற்றொரு சோதனையையும் தருகின்றது. 0.05 ஓம் தடையினூடாக 100 அம்பியர் பாயுமாயின் ஆங்கு வெளிப்படும் வெப்பம் 500 உவாற்று. ஒரு சிறிய மின்னழுத்திக்கு நிகரானது. எனவே சில கணங்கள் ஸ்ராட்டரை இயக்கியபின் ஒவ்வொரு தொடுப்பையும் விரலால் மெல்லத் தொட்டுப் பார்த்தால், சூடாகியிருப்பது எதுவோ அதுவே குற்றவாளி. கருவி யாதும் வேண்டியதில்லை. பொருக்கைச் சுடுநீரால் கழுவி, முனையையும் கவ்வியையும் அரத்தாள் கொண்டு தேய்த்து இறுக்கினால் வண்டி புறப்படும். புதிய பற்றரி வாங்கியவரும் தம்மையறியாமல் இதனையே செய்கின்றார். பற்றரி மாற்றும்போது முனைகள் துலக்கப்படுகின்றனவல்லவா? நோய் தீர்ந்தது துலக்கியதனால். புகழ் கிடைத்தது பற்றரிக்கு.

தொடுப்புக்களுள் மறக்கப்படுவது புவித்தொடுப்பாகும். எஞ்சின் இறப்பர்த் தாங்கிகளின்மேல் அமர்ந்திருப்பதால், அதனை வண்டியின் உடலுடன் மின்முறையில் இணைப்பது பின்னிய பட்டையொன்றே. அப்பட்டை அறுந்துவிடின் ஸ்ராட்டரின் பெரு மின்னோட்டம் வேறு வழி தேடும். சோக் கம்பியினூடாக அது செல்லும். ஸ்ராட்டரை இயக்கும்போது சோக் குமிழ் சுடுவதும், அதன் உறையிலிருந்து புகை எழுவதும் காபுரேற்றரின் குறையென்று மருளப்பட்டதுண்டு. உண்மையில் அது புவிப்பட்டையின் முறையீடாகும். மேலும் இவ்வண்டிகள் தொழிற்சாலையிலிருந்து வந்தபோது பற்றரியின் நேர்முனையே புவியுடன் தொடுக்கப்பட்டிருந்தது. இக்கால வண்டிகளின் வழக்கம் இதற்கு மாறானது. பற்றரியைக் கழற்றுவோர் எம்முனை எங்கிருந்தது என்று குறித்து வைத்தல் நன்று.

மின்னளவி உள்ளவர் பற்றரியின் அழுத்தத்தை நேராக அறியலாம். ஓய்ந்திருக்கும் பற்றரி 12.6 உவோற்றளவு காட்டின் அது நிறைந்திருக்கின்றது. 12 உவோற்று அளவில் நிற்பின் பெரும்பகுதி வடிந்துவிட்டது. ஓய்வில் நிறைவு காட்டும் பற்றரியும் சுமையில் வீழ்தல் கூடும். ஸ்ராட்டர் இயங்குகையில் 9.5 உவோற்றுக்குக் கீழ் இறங்குமாயின் பற்றரியை ஐயுறலாம். 2022 இல் எரிபொருள் தட்டுப்பாட்டினால் வாரக்கணக்கில் வாளாவிருந்த வண்டிகள் பல, பெற்றோல் கிடைத்த பின்னரும் புறப்படாமைக்குப் பற்றரி தானே வடிந்தமை ஒரு பொதுக் காரணமாகும்.

மொறிஸ் மைனரின் முன்புறத்தே புகுத்திச் சுழற்றும் கைப்பிடி இப்போது பலரிடம் இல்லை. இருப்பின் அது ஸ்ராட்டருக்கு மாற்று மட்டுமன்று. சிறந்ததொரு சோதனைக் கருவியுமாகும். ஸ்ராட்டரால் மெதுவாகச் சுழன்றும் பற்றாத எஞ்சின், கைப்பிடியின் ஓர் இழுப்பிற் பற்றிக்கொள்ளுமாயின், ஸ்ராட்டர் மின்னழுத்தம் முழுவதையும் தானே விழுங்கித் தீப்பொறிக்கு ஒன்றும் விடாதிருந்தது என்பது பெறப்படும். கைப்பிடியை எப்போதும் மேனோக்கி இழுத்தலே முறை. பெருவிரலை மற்றை விரல்கள் உள்ள பக்கத்திலேயே வைத்தல் வேண்டும். எஞ்சின் பின்னடித்தால் பிடியைச் சுற்றி வளைந்த பெருவிரல் முறியும். கியர் நடுநிலையில் உள்ளதா என்பதை நோக்காது இதனைச் செய்தல் கூடாது.

இனி எஞ்சின் நன்றாகச் சுழன்றும் பற்றவில்லை எனக் கொள்வோம். எஞ்சியவை கலவை, அமுக்கம், பொறி என்பன. இவற்றுள் முதலில் ஆராயவேண்டியது பொறி. காரணம், அது மிகுதியும் பிழைப்பது என்பதன்று. அதனைக் கண்ணாற் காணலாம் என்பதே. காண்டலால் தீரும் வினாவை முதலிற் கேட்டல் அறிவுடைமை.

பொறியை உண்டாக்கும் உறுப்புக்கள் ஒரு சங்கிலி போன்று தொடர்ந்தவை. பற்றரியிலிருந்து சுவிச்சினூடாகத் தூண்டற்சுருளின் முதற்சுற்றுக்கு மின்னோட்டம் செல்கின்றது. ஆங்கிருந்து டிஸ்றிபியூற்றரினுள் உள்ள தொடுமுனைகளை, வேலைத்தலத்தார் மொழியிற் ‘பொயின்ற்’ எனப்படுவனவற்றை, அடைந்து புவியை எய்துகின்றது. தொடுமுனைகள் திடீரெனத் திறக்கும்போது முதற்சுற்றின் மின்னோட்டம் அறுபட, துணைச்சுற்றில் பதினாயிரம் உவோற்றுக்கு மேற்பட்ட அழுத்தம் தூண்டப்படுகின்றது. அது நடுக் கம்பியினூடாக டிஸ்றிபியூற்றர் மூடியின் நடுவை அடைந்து, சுழலும் றோட்டரால் நான்கு பிளக்குகளுக்கும் 1, 3, 4, 2 என்னும் ஒழுங்கிற் பங்கிடப்படுகின்றது. இச்சங்கிலியை ஒரு முனையிலிருந்து மறுமுனைவரை கண்ணி கண்ணியாக ஆராய்தல் வீண் உழைப்பு. நடுவில் வெட்டுதல் வேண்டும்.

அந்நடு, மேற்கூறிய நடுக் கம்பியே. அதனை மூடியிலிருந்து பிடுங்கி, நன்கு காப்பிட்ட இடுக்கியாற் பற்றி, நுனியை எஞ்சினின் இரும்பிலிருந்து கால் அங்குலத் தூரத்திற் பிடித்துக்கொண்டு எஞ்சினைச் சுழற்றுக. பெற்றோல் சிந்திய இடத்தருகே இதனைச் செய்தல் தகாது. நீலம் கலந்த வலிய பொறி ஒழுங்காகப் பாயுமாயின், சுருளும் தொடுமுனைகளும் ஒடுக்கியும் அவற்றுக்கு முற்பட்டவை யாவும் ஒரே வீச்சில் நீங்கிவிடுகின்றன. குறை மூடியிலோ, றோட்டரிலோ, பிளக்குகளிலோ, அவற்றின் கம்பிகளிலோ இருத்தல் வேண்டும். கார்த்திகை, மார்கழி மாதங்களின் விடாமழையில் இது மிகுதி. மூடியின் உட்புறத்தே கண்ணுக்குப் புலனாகாத ஈரம் படிந்திருப்பின் பொறி பிளக்கை அடையாது மூடியிலேயே ஊர்ந்து புவியை எய்திவிடும். உலர்ந்த துணியால் துடைத்து, வெயிலிற் சிறிது நேரம் வைத்தலே மருந்து. துடைத்த பின்னும் கரிய மயிரிழை போன்றதொரு கோடு தெரியுமாயின் அது அழுக்கன்று. வெடிப்பினூடாகப் பொறி ஓடி ஓடிக் கரியாக்கிய வழி. அம்மூடி மாற்றத்தக்கது. றோட்டரும் இவ்வாறே உட்புறமாகத் துளைபடுவதுண்டு.

நடுக் கம்பியிற் பொறி இல்லையெனின், ஆராய்ச்சி மறுபாதிக்குச் செல்லும். இங்கு வேண்டிய கருவி இரண்டு கம்பிகள் பொருத்திய ஒரு சிறு 12 உவோற்று மின்குமிழ். சுவிச்சைத் திறந்து, குமிழின் ஒரு கம்பியைத் தூண்டற்சுருளில் டிஸ்றிபியூற்றருக்குச் செல்லும் முனையிலும், மற்றையதை வண்டியின் இரும்பிலும் தொடுத்து, எஞ்சினைச் சுழற்றுக. தொடுமுனைகள் மூடியிருக்கும்போது மின்னோட்டம் அவற்றின் வழியே எளிதாகப் புவிக்குச் சென்றுவிடுவதால் குமிழ் இருளும். திறந்திருக்கும்போது வேறு வழியின்றிக் குமிழினூடாகச் செல்வதால் ஒளிரும். எனவே குமிழ் மாறி மாறி ஒளிர்ந்து இருளுமாயின் முதற்சுற்று ஒழுங்காகத் தொழிற்படுகின்றது. ஐயம் ஒடுக்கிக்கோ சுருளின் துணைச்சுற்றுக்கோ செல்லும். குமிழ் இருளாது ஒளிர்ந்தபடியே நிற்பின், தொடுமுனைகளினூடாக மின்னோட்டம் புவியை அடையவில்லை. அவை எரிந்து கறுத்திருத்தல் கூடும், அல்லது அவற்றுக்குச் செல்லும் வழி அறுந்திருத்தல் கூடும். குமிழ் ஒருபோதும் ஒளிராதாயின், ஒன்றில் சுருளுக்கு மின்னோட்டம் வரவேயில்லை, அன்றேல் அம்முனை இடையறாது புவியுடன் தொடுபட்டுள்ளது. சுருளின் மறுமுனையில் குமிழை வைத்து இவ்விரண்டையும் பிரித்தறியலாம். ஒரு சிறு மின்குமிழ் இவ்வளவு வினாக்களுக்கு ஐயமற விடை பகர்தல் வியக்கத்தக்கதே.

முன்னர்க் குறிப்பிட்ட இரண்டு அங்குலக் கம்பி இங்கேதான் உள்ளது. டிஸ்றிபியூற்றரின் புறத்திலிருந்து தொடுமுனைகளுக்கு மின்னோட்டத்தைக் கொண்டு செல்வது மெல்லிய இழைகள் பின்னிய ஒரு சிறு கம்பியாகும். தொடுமுனைகள் அமைந்த தட்டு, எஞ்சினின் சுமைக்கு ஏற்ப இடையறாது சிறிது திரும்பிக்கொண்டிருப்பது. அதனுடன் வளைந்து வளைந்து பல்லாண்டுகள் உழைத்த கம்பி, உறை குலையாமலே உள்ளே அறுந்துவிடுகின்றது. நோக்குவோர் கண்ணுக்கு அது முழுமையாகவே தோன்றும். சில வேளைகளில் அறுந்த நுனிகள் ஒன்றையொன்று தொட்டுக்கொண்டு வண்டி புறப்பட்டுவிடுவதும் உண்டு. அப்போது ஈற்றாக மாற்றப்பட்ட பொருளே நோய் தீர்த்ததென்று கொண்டாடப்பட்டு, மறுவாரம் வண்டி நடுவழியில் நிற்கும். புதிய பற்றரியும், பிளக்கும், சுருளும் வாங்கிய உரிமையாளர், குமிழ் இருளாது நின்றதை ஒருமுறை கண்டிருப்பாராயின் அரைமணி நேரத்தில் இவ்விடத்தை அடைந்திருப்பார்.

தொடுமுனைகளின் இடைவெளி ஓர் அங்குலத்தின் ஆயிரத்தில் 15 பங்கு அளவினதாகவும், பிளக்கின் இடைவெளி 25 பங்கு அளவினதாகவும் இருத்தல் வேண்டும். ஒடுக்கி பழுதாயின் தொடுமுனைகளிடையே மஞ்சள் நிறமான பெரும்பொறி தோன்ற, நடுக் கம்பியின் பொறியோ மெலிந்து செந்நிறமாகும். தேவையற்ற இடத்திற் பொறி மிகுந்து தேவையான இடத்தில் அது குன்றுதல் ஒடுக்கியின் நோய்க்குறி. புதிதாக வாங்கப்படும் ஒடுக்கிகள் யாவும் பழையவற்றினும் சிறந்தவை என்று கருதுதல் தகாது.

பொறி செவ்வனே உள்ளது. ஆயினும் எஞ்சின் பற்றவில்லை. இப்போது கலவையை ஆராய்க. மொறிஸ் மைனரின் எஸ்.யு. மின் பம்பி இவ்விடயத்தில் மிகவும் நேர்மையான உறுப்பு. சுவிச்சைத் திறந்ததும் அது ‘டிக், டிக்’ என்று ஒலித்து, காபுரேற்றரின் மிதவையறை நிறைந்ததும் அடங்கும். ஒலி அடங்காது விரைவாகத் தொடருமாயின் அது பெற்றோலின்றிக் காற்றை இழுக்கின்றது: தாங்கி வெறுமை, அல்லது குழாயில் வெடிப்பு. எரிபொருள் காட்டியை நம்புதல் கூடாது. தாங்கியினுள் ஒரு குச்சியை விட்டு நனைவைக் காண்பதே காண்டல். ஒலி தொடக்கத்திலேயே இல்லையெனின், பம்பிக்கு மின்னோட்டம் வருகின்றதா என்று குமிழாற் கண்டபின், அதன் உடலைத் திருகாணிச் செலுத்தியின் பிடியால் மெல்லத் தட்டுக. உடனே ஒலிக்கத் தொடங்கின் அதன் உள்ளிருக்கும் தொடுமுனைகள் தேய்ந்துள்ளன. அன்று பயணம் செய்யலாம், ஆனால் நெடுந்தூரம் செல்லுதல் கூடாது. தாங்கியின் மூச்சுத்துளை அடைபட்டிருப்பின் பெற்றோல் இறங்க இறங்க உள்ளே அழுத்தம் குறைந்து ஓட்டம் தடைப்படும். மூடியைத் திறக்கும்போது ‘உஸ்’ என்று காற்றுப் புகும் ஒலி அதனைக் காட்டிக்கொடுக்கும்.

நண்பகலிற் சிறிது நேரம் நிறுத்தியபின் புறப்பட மறுத்து, மாலையிற் குறையின்றிப் புறப்படும் வண்டி உண்டு. அதற்குப் பெரும்பாலும் உறுப்புக் குறை காரணமன்று. நின்ற எஞ்சினின் வெப்பம் குழாயிலும் பம்பியிலும் உள்ள பெற்றோலை ஆவியாக்கிவிட, பம்பி நீர்மத்தைத் தள்ள இயலாது தவிக்கின்றது. பம்பியின்மேல் ஈரத்துணி இட்டுப் பொறுத்திருத்தலே செய்யத்தக்கது. இதற்கு மறுதலையாக, பிளக்குகள் பெற்றோலில் நனைந்து மணம் வீசுமாயின் எரிபொருள் மிகுந்துவிட்டது. சோக்கை உள்ளே தள்ளி, முடுக்கு மிதியை முற்றாக அழுத்தியபடி சுழற்றினால் மிகை வெளியேறும். பொறுமையிழந்து சோக்கைப் பலமுறை இழுத்தவர்களே இந்நோயைப் பெரும்பாலும் உண்டாக்கிக்கொள்கின்றனர்.

எரிபொருள் உண்டு என்பதும் எரிபொருளாவி உண்டு என்பதும் வேறு வேறாம். இவ்வேறுபாட்டைப் போர்க்கால யாழ்ப்பாணம் நூலில் அன்றி வீதியிற் கற்றது. பெற்றோல் பூச்சியத்துக்குக் கீழ் 40 பாகை செல்சியசு அளவிலும் தீப்பற்றக்கூடிய ஆவியைத் தருவது. மண்ணெண்ணெயோ ஏறத்தாழ 38 பாகைக்கு மேலன்றி அவ்வாறு தருவதில்லை. குளிர்ந்த எஞ்சினில் மண்ணெண்ணெய் மிதவையறை நிரம்ப இருந்தும், பொறி வலிதாக இருந்தும், பற்றுதற்குப் பொருள் இல்லை. எனவே சில துளி பெற்றோலைக் காபுரேற்றரில் விட்டு எஞ்சினை உயிர்ப்பித்து, அது சூடேறிய பின் மண்ணெண்ணெயில் ஓட்டினர். பெற்றோலில் தொடங்கிப் பின்னர் ஆவியாகும் எண்ணெய்க்கு மாறுமாறு அமைக்கப்பட்ட பேர்குசன் உழவு இயந்திரங்களிலும் இதே நியதியே கைக்கொள்ளப்பட்டது. அமுக்க விகிதம் குறைந்த பழைய எஞ்சின்கள் இதனைத் தாங்கின. ஆயினும் முற்றாக எரியாத மண்ணெண்ணெய் முசல வளையங்களைக் கடந்து இறங்கி உராய்வுநீக்கி எண்ணெயை நீர்க்கச் செய்தது. பிளக்குகள் கரியால் மூடப்பட்டன. அவ்வாண்டுகளில் வண்டி புறப்படவில்லையெனின் முதலிற் பிளக்கைக் கழற்றித் துலக்குதல் வழக்கமாயிருந்தமைக்குக் காரணம் இதுவே. அவ்வழக்கத்தை, பெற்றோல் தடையின்றிக் கிடைக்கும் காலத்திலும் காரணம் உணராது பின்பற்றுதல் ஐதிகமாய் முடியும்.

அமுக்கமும் பொறியின் காலமும் திடீரெனக் கெடுதல் அரிது. இவ்வெஞ்சினின் வாயிற் றண்டைச் சுழற்றுவது சங்கிலியாதலின் அது ஒருங்கே அறுவதில்லை எனலாம். கைப்பிடியை இரு முழுச் சுற்றுக்கள் மெதுவாகத் திருப்பும்போது நான்கு எதிர்ப்புக்கள் சமமாக உணரப்படின் அமுக்கம் போதியது. டிஸ்றிபியூற்றரை இறுக்கும் கவ்வி தளர்ந்து அது கையால் திரும்புமாயின் பொறியின் காலம் பிறழ்ந்திருக்கும். காபுரேற்றரின் வழியே எஞ்சின் இருமுதலும் தும்முதலும் அதன் அறிகுறி.

குறை காணப்பட்டு, வண்டியும் புறப்பட்டுவிட்டது என்பதுடன் ஆராய்ச்சி முடிவதில்லை. உளதாயின் உண்டாதலும், இலதாயின் இன்மையும் ஆகிய இரண்டையும் தருக்கநூலார் வேண்டுவர். ஒடுக்கியை மாற்ற எஞ்சின் இயங்கியது எனின், பழைய ஒடுக்கியை மீண்டும் இட்டுப் பார்த்தல் வேண்டும். அப்போது எஞ்சின் மறுபடியும் நின்றுவிடின் காரணம் அதுவே. நிற்காது இயங்குமாயின், மாற்றும்போது இறுக்கப்பட்ட ஏதோ ஒரு திருகாணியோ, அசைக்கப்பட்ட ஒரு கம்பியோதான் வண்டியைப் புறப்படச் செய்தது. டிஸ்றிபியூற்றரின் மூடியை மறுபடியும் திறந்து, அங்குள்ள ஒவ்வொரு கம்பியையும் இடுக்கியால் மெல்ல இழுத்துப் பார்த்த பின்னரே வண்டியை வீதிக்கு எடுத்தல் தகும்.